டொராண்டோவில் இலையுதிர் காலம்: எந்தச் சனிக்கிழமைக்கு எது?

என் அம்மா அப்பாவுக்கு ஊர் கம்பம் பக்கம். இதுவரை இரண்டு முறை டொராண்டோ வந்திருக்கிறார்கள், இரண்டு முறையும் இலையுதிர் காலத்தில், இங்கே எல்லாரும் சொல்கிறபடி சொன்னால் ஃபால் சீசனில். முதல் முறை நான் எல்லாவற்றையும் தப்பாகத் திட்டம் போட்டேன். இரண்டாம் முறை பாதி தேறியது. இப்போது மூன்றாம் முறை வரப்போகிறார்கள், திரும்பும் டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போடுவது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. அந்தப் பேச்சில் நான் போட்டுப் பார்த்த கணக்குதான் இது. பெரியவர்களை வரவழைக்கிறவர்களுக்கும் உதவும், இந்த வருஷம்தான் வந்து இறங்கி முதல் அக்டோபரைப் பார்க்கப்போகிறவர்களுக்கும் உதவும்.

சிக்கல் என்னவென்றால் சனிக்கிழமைகள் போதாது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை எண்ணிப்பார்த்தால் ஏழெட்டுதான் தேறும், அதில் ஒன்றிரண்டை மழை கொண்டுபோய்விடும், இன்னொன்றை யாருடைய பிறந்தநாளோ புதுமனைப் புகுவிழாவோ எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற ஐந்துக்குள் இலை பார்ப்பது, ஆப்பிள் பறிப்பது, நுயி பிளான்ஷ் என்கிற ராத்திரிக் கலைவிழா, நவராத்திரி, தேங்க்ஸ்கிவிங், ஹாலோவீன், ராயல் ஃபேர் என்கிற விவசாயக் கண்காட்சி என்று எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும். அத்தனைக்கும் போகப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், அனுபவித்துச் சொல்கிறேன்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்கிற விஷயத்தைவிட, நாலு பேர் நடுவில் நின்று, கையில் சூடாக எதையாவது பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளோடு இரண்டு வார்த்தை பேச வாய்ப்பு இருக்கிற விஷயத்துக்கே என் ஓட்டு. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. அப்புறம் எதிர்வீட்டுக்காரர் முகத்தை ஏப்ரலில்தான் பார்ப்போம். அதற்கு முன்னால் கிடைக்கிற இந்தக் கொஞ்ச நாளை ஹைவேயில் கழிப்பது எனக்கு ஒப்பவில்லை. காடு மலை என்று சுற்றுவதில் பிரியமுள்ளவர்களுக்கு என் கணக்கு ஒத்துவராது, அவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் இலை. கனடா என்றாலே ஊரில் எல்லாருக்கும் கொடியில் இருக்கிற அந்த மேப்பிள் இலைதான் ஞாபகம். வருகிறவர்கள் அதை மரத்தில் செக்கச்செவேலென்று பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். இதற்கு இங்கே மூன்று வழி: அல்கோன்குவின் பார்க், ரூஜ் பார்க், ஹை பார்க்.

அல்கோன்குவின் பெரிய பெயர். 1893-இல் தொடங்கிய பூங்கா, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது எங்கள் தேனி மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அழகைப் பற்றி மறுபேச்சே இல்லை. ஆனால் டொராண்டோவிலிருந்து மேற்கு வாசலுக்குப் போய்ச்சேரவே மூன்று மணி நேரம், அதுவும் ரோடு காலியாக இருந்தால். போகிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, ஒரு நாள் கார் பெர்மிட்டை ஐந்து நாள் முன்னாலேயே ஆன்லைனில் எடுத்துக்கொள்ள வேண்டும், இலைக் காலத்துச் சனி ஞாயிறில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். இன்னொன்று, எல்லாரும் கிளம்புவது அக்டோபர் இரண்டாம் வாரத்துத் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு, ஆனால் அங்கே சுகர் மேப்பிள் உச்சத்தில் இருப்பது செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் சில நாளிலும். இரண்டாம் வாரம் போனால் பல மேப்பிள்கள் மொட்டையாக நிற்கும், ஆஸ்பென், டாமராக் மாதிரி மரங்களின் மஞ்சள்தான் மிச்சம்.

முதல் முறை நாங்கள் போனது சரியாக அந்தத் தேங்க்ஸ்கிவிங் சனிக்கிழமை, பெர்மிட் இல்லாமல். தப்பு முழுக்க என்னுடையது, வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நானே நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து ஹன்ட்ஸ்வில் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் காரை நிறுத்தி, அம்மா விடியற்காலையில் எழுந்து கிளறி வைத்திருந்த எலுமிச்சை சாதத்தைக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். வெளியே தூறல். அப்பா ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டே சொன்னார், "ஏம்ப்பா, இத வீட்டுலயே தின்னுருக்கலாமேப்பா." அன்று போகவர ஏழரை மணி நேரம்.

எங்கள் மாடியில் இருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா மறுநாள் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏன் தம்பி அவ்வளவு தூரம் போனனீங்கள்? ரூஜ் இஞ்சை பக்கத்திலைதானே கிடக்கு." உண்மைதான், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருந்துகொண்டு ரூஜை மறப்பது அநியாயம். ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் மூன்றையும் தொட்டுக்கொண்டு 79 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது, கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்கா, நுழைவதற்குக் காசும் கிடையாது பெர்மிட்டும் கிடையாது. மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் விஸ்டா டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது, ஒன்றரை கிலோமீட்டர்தான், நடுவில் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்க ஒரு மரமேடை. முட்டிவலிக்காரர்களும் மெதுவாக நடந்துவிடலாம். ரூஜ் என்றால் பிரெஞ்சில் சிவப்பு. பெயருக்கு ஏற்ற சிவப்பு வேண்டுமானால் அக்டோபர் நடுவிலிருந்து கடைசிவரைக்குள் போக வேண்டும், நகரம் அல்கோன்குவினைவிட இரண்டு மூன்று வாரம் பின்னால்தான் நிறம் மாறும். பத்து மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பது ஒன்றுதான் தொல்லை.

ஹை பார்க்கில் சப்வே ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் நேராகப் பூங்கா வாசல், கார் இல்லாதவர்களுக்கு அதுவே போதும். ஆனால் அங்கே பிளாக் ஓக் மரங்கள் அதிகம், அவை தாமதமாக மாறும், மாறினாலும் செப்புப் பாத்திரத்தின் நிறம்தான். சிவப்பு கேட்டு வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு அந்தச் செப்பு நிறம் பிடிக்கும், அது வேறு விஷயம்.

இடையில் ஒன்று. எங்கே போனாலும் சிவப்பு கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. மஞ்சள் நிறம் இலைக்குள் முன்பே இருப்பது, பச்சையம் வடிந்ததும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சிவப்பை மேப்பிள் அந்த நேரத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது, அதற்குப் பகலில் நல்ல வெயிலும் ராத்திரி உறையாத குளிரும் வேண்டும். மேகமூட்டமாகவே போன வருஷம் மஞ்சள் பளிச்சென்று இருக்கும், சிவப்பு மங்கிக் கிடக்கும். ஆறு மாதம் முன்னால் தேதி குறித்து அல்கோன்குவினில் அறை எடுக்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. ரூஜ் என்றால் வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து முடிவு பண்ணலாம்.

அடுத்தது ஆப்பிள். பண்ணைக்குப் போய்ப் பறிப்பதா, சந்தையில் வாங்குவதா? சனிக்கிழமை பண்ணை என்றால் எனக்கு வேண்டாம். ஒரு தடவை போய்ப் பார்த்தாயிற்று, கார் நிறுத்த நாற்பது நிமிஷம், நுழைவுச் சீட்டு தனி, பைக்குக் காசு தனி, வைக்கோல் மேட்டில் ஏறிப் படம் எடுக்கக்கூட வரிசை, உள்ளே போனால் கைக்கு எட்டுகிற கிளையெல்லாம் காலி. எந்தப் பண்ணை என்று கேட்காதீர்கள், அந்த ஒரு மாதத்தில் சனிக்கிழமை எல்லாப் பண்ணையும் அப்படித்தான் இருக்கும். வேலைநாளில் ஒரு நாள் லீவு போட்டுப் போனால் கதையே வேறு. இரண்டாம் முறை ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். தோட்டத்தில் எங்களைத் தவிர இரண்டு குடும்பம்தான். பண்ணைக்காரப் பெரியவரே வந்து எப்படிப் பறிப்பது என்று காட்டினார், இழுக்கக் கூடாது, பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கிக் கொஞ்சம் திருக வேண்டும், காம்போடு வந்துவிடும், இழுத்தால் அடுத்த வருஷம் காய்க்க வேண்டிய சிறுகிளையும் சேர்ந்து முறியும். அம்மா அவர் சொல்லி முடிக்கும் முன்னாலேயே கொய்யா பறிக்கிற மாதிரி மூன்று பழத்தைத் திருகி முந்தானையில் போட்டுவிட்டார். சுவெட்டருக்கு மேல் புடவை கட்டியிருந்தார், அதற்குமேல் என் பழைய ஜாக்கெட். பெரியவர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.

பை என்றால் இங்கே பெக் என்று ஒரு அளவு, ஏறக்குறைய பத்து பவுண்டு, நாலரை கிலோ. முதல் தடவை போகிறவர்கள் ஆசையில் இரண்டு மூன்று பை நிரப்பிவிட்டு அப்புறம் வீட்டில் அழுகவிடுகிறார்கள். எந்த ரகம் என்று பார்த்துப் பறிக்க வேண்டும். மெக்கின்டோஷ் செப்டம்பர் நடுவிலேயே தயாராகும், மணமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் மாவு மாதிரி ஆகிவிடும், உடனே தின்பதற்கு மட்டும். 1811-இல் இதே ஒன்டாரியோவின் கிழக்கே டன்டெலா என்ற ஊரில் ஜான் மெக்கின்டோஷ் காட்டைத் திருத்தும்போது கண்ட மரத்திலிருந்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்ததுதான் உலகத்து மெக்கின்டோஷ் எல்லாம். ஹனிகிரிஸ்ப் கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும், பிள்ளைகள் கேட்பது அதைத்தான். நார்தர்ன் ஸ்பை அக்டோபர் கடைசியில் வரும், புளிப்பு, மாதக்கணக்கில் கெடாது, ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பை' என்கிற பலகாரத்துக்கு வெள்ளைக்காரர்கள் இதைத்தான் தேடுவார்கள். அம்மா அதைத் துருவி நல்லெண்ணெயில் வெந்தயம், பெருங்காயம் போட்டுத் தொக்கு கிண்டினார். மாங்காய்த் தொக்கு என்று சொல்லிப் பரிமாறினால் பத்தில் ஆறு பேர் நம்புவார்கள்.

லீவு போட முடியாதவர்கள் பண்ணையை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போங்கள். செயின்ட் லாரன்ஸ் சந்தையில் உழவர் சந்தை சனிக்கிழமை மட்டும், 1803-லிருந்து நடக்கிற சந்தை, விடியற்காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். ஊரிலிருந்து வந்த முதல் வாரம் நேரக்குழப்பத்தில் பெரியவர்கள் மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழிக்காமல் ஐந்தரைக்கு இங்கே கூட்டிப்போய்விடலாம். கூட்டமே இருக்காது, விற்கிறவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். பிரிக் வொர்க்ஸ் சந்தையும் சனிக்கிழமைதான், டான் பள்ளத்தாக்கில் பழைய செங்கல் சூளை இருந்த இடம். இந்த ஊரின் பழைய சிட்டி ஹால், காசா லோமா எல்லாம் அங்கே சுட்ட செங்கல்லில் கட்டியவை. இடம் பிரமாதம், விலை கொஞ்சம் கண்ணைக் கட்டும். சப்வேயிலிருந்து பஸ் கிடைக்கும் என்பது ஆறுதல்.

சந்தைக்குப் போக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. செப்டம்பரில் கான்கார்ட் திராட்சை வரும், நயாகரா பக்கத்திலிருந்து, சின்னக் கூடைகளில். கருநீலம், மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம், விரலால் அழுத்தினால் தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமுமாக வழுக்கி வரும். சூப்பர்மார்க்கெட்டில் வருஷம் முழுக்க விற்கிற விதையில்லாத திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா ஒன்றை வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏங்க, இது நம்ம ஊருப் பன்னீர் திராட்சை மாதிரில்ல இருக்கு," என்று அப்பா வாயிலும் ஒன்றைத் திணித்தார். அப்பா கம்பம் பள்ளத்தாக்கில் முப்பது வருஷம் திராட்சைக்கு மருந்தடித்தவர், லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். "வாசன கொஞ்சம் தூக்கல்," என்றார். ஆனால் கூடை அன்று சாயங்காலத்துக்குள் காலி. இது அக்டோபர் பாதிக்குமேல் கிடைக்காது, ஆகவே வந்து இறங்குகிற தேதியைச் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி சமாச்சாரத்துக்கு வருவோம். நுயி பிளான்ஷ் என்பது 2006-லிருந்து நகராட்சி நடத்துகிற விழா, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை தெருக்களிலும் சதுக்கங்களிலும் கலைப் படைப்புகளை வைப்பார்கள், எல்லாம் இலவசம். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குத் தூங்காத இரவு என்று பொருள், நம் வழக்கில் சொன்னால் சிவராத்திரி. வாலிப வயசுக்கு அருமையான விஷயம். பெரியவர்களோடு ராத்திரி பத்து மணிக்கு சிட்டி ஹால் முன்னால் இருக்கிற நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கத்தில் மாட்டிக்கொண்டால் அழகர் ஆற்றில் இறங்குகிற நெரிசல்தான், சாமிதான் இல்லை. போயே ஆக வேண்டும் என்றால் விடியற்காலை நாலரைக்குப் போங்கள், கூட்டம் வடிந்திருக்கும். இல்லாவிட்டால் ஸ்காபரோ பக்கம் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், 2018-இல் முதல்முறையாக இந்தப் பக்கமும் கொண்டுவந்தார்கள்.

அதே வாரங்களில் பெரும்பாலும் நவராத்திரி வந்துவிடும். இதில் எனக்குக் குழப்பமே இல்லை, பெரியவர்கள் இருந்தால் நவராத்திரி. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு நாள், மற்ற நாளெல்லாம் வீடுகளுக்கு. இந்த ஊரில் ஒரு சுவாரசியம் இருக்கிறது, தமிழ்நாட்டு வீடுகளில் கொலுப்படி, யாழ்ப்பாணத்து வீடுகளில் கும்பம். நாங்கள் அந்த அக்கா வீட்டுக்குப் போனபோது அம்மா கொலு எங்கே என்று தேடினார், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எங்கள் செட்டியார் பொம்மையின் கடையில் அரிசி பருப்பு எல்லாம் இருக்கிறதா என்று குனிந்து எண்ணினார். அவர்கள் ஊர் முறைக் கோயில்களில் விஜயதசமியன்று வாழைவெட்டு என்று ஒன்று உண்டு, மகிஷாசுரனாக வாழைமரத்தை நிறுத்தி வெட்டுவது. அம்மா அதைக் கேட்டதிலிருந்து இந்த முறை அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் சீனர்களின் நிலாப் பண்டிகையும் வரும். மார்க்கம், அஜின்கோர்ட் கடைகளில் தகரப் பெட்டியில் மூன்கேக் அடுக்கியிருக்கும். பக்கத்து வீட்டில் கொடுத்தால் மறுக்காதீர்கள், ஆனால் சைவக்காரர்கள் வீட்டில் இருந்தால் பெட்டியைத் திருப்பிப் படித்துவிடுங்கள், நடுவில் உப்பில் ஊறிய முட்டை மஞ்சள்கரு இருக்கும், சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் உண்டு. தாமரைவிதை விழுது வைத்தது நம் சோமாசிப் பூரணத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

தேங்க்ஸ்கிவிங், அதாவது அறுவடைக்கு நன்றி சொல்லிக் குடும்பமாக விருந்து சாப்பிடுகிற நாள், அக்டோபர் இரண்டாம் திங்கள், 1957-லிருந்து அப்படித்தான். அமெரிக்கர்களுடையது நவம்பரில் வருவது, குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே கேள்வி, வீட்டிலேயே வான்கோழி வாட்டுவதா, நாலு குடும்பம் சேர்ந்து, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுகிற பாட்லக் போடுவதா? வான்கோழிக் கதையைச் சொல்கிறேன். முதல் முறை ஆறு கிலோ உறைந்த வான்கோழியைச் சனிக்கிழமை சாயங்காலம் வாங்கி வந்தேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விருந்துக்கு. ஃபிரிட்ஜில் வைத்து இளகவிட கிலோவுக்குப் பத்து மணி நேரம் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது, அதாவது இரண்டரை நாள். ஞாயிறு மதியம் மசாலா தடவக் கையை உள்ளே விட்டால் ஐஸ். கத்தியால் தட்டினால் தேங்காய் மாதிரி சத்தம். வெந்நீர் ஊற்றலாமா என்று கேட்ட என்னை மனைவி முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று எல்லாரும் சாப்பிட்டது முட்டைக் குழம்பு. நீங்கள் வாட்டத்தான் போகிறீர்கள் என்றால் வியாழக்கிழமையே வாங்கிவிடுங்கள், தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்குங்கள், முழு வான்கோழிக்கு உள்ளே 82 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அவ்வளவும் செய்த பிறகும் நெஞ்சுக்கறி சப்பென்றுதான் இருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

பாட்லக் என்றால் அந்த அவஸ்தை இல்லை. இரண்டாம் முறை எங்கள் கட்டடத்துப் பார்ட்டி ரூமை எடுத்து ஒன்பது குடும்பம் சேர்ந்தோம். யாழ்ப்பாணத்து அக்கா இடியப்பமும் சொதியும், பிலிப்பைன்ஸ் குடும்பம் பான்சிட் நூடுல்ஸ், நாங்கள் தக்காளி சாதம். ஏழாம் மாடியில் கயானாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா இருக்கிறார், அவர் கொண்டுவந்தது ரொட்டியும் பரங்கிக்காயும். பரங்கிக்காயை நன்றாக மசிய வேகவிட்டு, பூண்டும் சீரகமும் காரமும் போட்டு வதக்கியது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என்னிடம், "இவங்க எந்த ஊருன்னு கேளு," என்றார். கேட்டேன். அவருடைய கொள்ளுப்பாட்டி மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவராம், ஊர் பெயர் யாருக்கும் தெரியவில்லை, வீட்டில் மிஞ்சிய தமிழ்ச் சொற்கள் இரண்டோ மூன்றோ. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அந்த மேஜை ஓரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பரங்கிக்காய் என்றதும் ஒரு எச்சரிக்கை. அக்டோபரில் கடை வாசலில் மலைமலையாகக் குவித்து வைத்திருக்கிற பெரிய பம்ப்கினை மலிவாக இருக்கிறதே என்று கூட்டு வைக்க வாங்காதீர்கள். அது முகம் செதுக்குவதற்கு வளர்த்தது, நாரும் தண்ணீருமாக இருக்கும், ருசியே கிடையாது. கூட்டுக்கும் புளிக்குழம்புக்கும் பட்டர்நட் ஸ்குவாஷ், இல்லையென்றால் பச்சைத்தோல் கபோச்சா. கபோச்சாதான் நம் ஊர்ப் பரங்கிக்குக் கிட்டே வரும்.

ஹாலோவீன், அதாவது அக்டோபர் 31, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற நாள், பிள்ளைகள் இருந்தால் தப்பிக்க முடியாது. முதல் முறை அம்மா, வாசலுக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று முறுக்கு சுட்டு வைத்திருந்தார். வீட்டில் செய்ததைக் கொடுக்கக் கூடாது, கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாய்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னதும் அவருக்கு வந்த கோபம் ஹாலோவீனுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால் 31-ஐவிட மறுநாள்தான் பெரிய நாள். நவம்பர் 1 சாயங்காலம் பம்ப்கின் பரேடு. மேற்கே சொராரன் பார்க்கில் 2004-இல் தொடங்கியது, இப்போது நகரம் முழுக்கப் பல பூங்காக்களில் அந்தந்தப் பேட்டைக்காரர்களே நடத்துகிறார்கள். முதல் நாள் வீட்டு வாசலில் வைத்த பம்ப்கினை எல்லாரும் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதை ஓரமாக வரிசையாக வைத்து, உள்ளே விளக்கு ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. இருட்டில் ஆயிரக்கணக்கான முகம், சில பயமுறுத்தும், சில நம் பிள்ளை செதுக்கியது மாதிரி ஒரு பக்கம் கோணியிருக்கும். முடிந்ததும் நகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போய் உரமாக்கிவிடும். கார்த்திகை தீபத்தன்று தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. அம்மா ஒவ்வொரு பம்ப்கின் முன்னாலும் நின்று நின்று வந்தார், ஒன்றில் விளக்கு அணைந்திருந்தது, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் லைட்டருக்காகக் கையை நீட்டினார், அவரும் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்.

முதல் முறை அக்டோபர் 31 ராத்திரிக்கே திரும்பும் டிக்கெட் போட்டு இதைத் தவறவிட்டோம் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

நவம்பரில் இரண்டு இருக்கிறது, சான்டா கிளாஸ் பரேடும் ராயல் ஃபேரும். முதலாவது 1905-லிருந்து நடப்பது, இலவசம், ஆனால் நடைபாதையில் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும், நவம்பர் கடைசிப் பகுதியின் குளிரில். ஐந்து வயசுப் பிள்ளை இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் டிவியில் வரும். ராயல் விவசாயக் கண்காட்சி அப்படி இல்லை. 1922-லிருந்து எக்ஸிபிஷன் பிளேஸில், நவம்பர் முதல் பாதியில் பத்து நாள், முழுக்கக் கூரைக்கு அடியில். டிக்கெட் வாங்க வேண்டும், மலிவில்லை. ஆனால் மாடு, குதிரை, ஆடு, ஆளைவிடப் பெரிய பூசணி, வெண்ணெயில் செய்த சிலை என்று நாள் முழுக்கச் சுற்றலாம். சிஎன் டவரை ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்த அப்பா இங்கே ஒரு ஹோல்ஸ்டைன் பசுவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். மடியைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், சாணியைக்கூடக் குனிந்து பார்த்தார். மாட்டுக்காரப் பையனுக்கு இருபது வயசு இருக்கும், என்னை நடுவில் நிறுத்தி இரண்டு பேரும் ஒரு நாளைக்கு எத்தனை வேளை கறவை, என்ன தீவனம், எத்தனாவது ஈற்று என்று பேசிக்கொண்டே போனார்கள். கடைசியில் அந்தப் பையன் அப்பாவைப் பசுவின் கழுத்தில் கை வைக்கச் சொன்னான். அந்தப் படம்தான் இப்போது கம்பத்து வீட்டில் டிவிக்கு மேல் இருக்கிறது.

சரி, இந்த வருஷத்துக் கணக்கு. செப்டம்பர் 18 வருகிறார்கள். முதல் சனிக்கிழமை நேரக்குழப்பத்தோடே செயின்ட் லாரன்ஸ், திராட்சைக்கு. ஆப்பிளுக்கு நான் ஒரு புதன்கிழமை லீவு சொல்லியாயிற்று. நுயி பிளான்ஷுக்கு மகள் மட்டும் அவள் மாமாவோடு போவாள், நாங்கள் இல்லை. நவராத்திரிக்குக் கோயில் ஒரு நாள், வாழைவெட்டு ஒரு நாள். தேங்க்ஸ்கிவிங்குக்குப் பார்ட்டி ரூமை எழுதி வைத்தாயிற்று, வான்கோழி கிடையாது. ரூஜுக்கு அக்டோபர் மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ, வெயிலைப் பார்த்து. அல்கோன்குவின் இந்த முறையும் இல்லை. பம்ப்கின் பரேடு உண்டு. திரும்பும் டிக்கெட் நவம்பர் 15.

நேற்று போனில் இதையெல்லாம் வரிசையாகப் படித்துக் காட்டினேன். அம்மா வாழைவெட்டு எந்தக் கிழமை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்பா கடைசிவரை ஒன்றும் பேசவில்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார், "அது கெடக்கட்டும், மாடு எத்தனாந் தேதி?"